குன்னூர் குளிர்ல மாவு பொங்கல, சண்டைதான் பொங்குது

கேள்வி: குன்னூர் அம்மா
நான் டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன், காலைல ஏழரைக்கெல்லாம் கிளம்பணும். அவர் டூரிஸ்ட் வண்டி ஓட்டறார். பொண்ணு நாலாவது, பையன் யுகேஜி. மார்கழி, தையில ராத்திரி ஆட்டி வெச்ச மாவு காலைலயும் அப்படியே கெடக்கு. அதான் உப்புமா மிக்ஸ், நூடுல்ஸ், ஃப்ரோசன் சப்பாத்தின்னு வாங்கி வெச்சிருக்கேன். பாக்கெட்டைப் பார்த்தாலே அவருக்கு ஏறுது. "எங்கம்மா கொழுந்து பறிச்சுட்டு வந்தும் விறகடுப்புல ராகிக்களி கிண்டினாங்க"ன்றார். கிண்டினாங்க, இல்லன்னு சொல்லல. கூடமாட செய்ய வீட்ல ரெண்டு நாத்தனார் இருந்தாங்களே, அதைச் சொல்ல மாட்டார். இவர் மேட்டுப்பாளையம் இறங்கினா தின்னறது பரோட்டா. பில்லு சட்டைப்பையிலயே இருக்கும், துவைக்கிறது நான்தானே.
பிள்ளைங்களுக்கு பாக்கெட் அயிட்டம் குடுக்கறது அவ்வளவு கெடுதலா?

பதில்: ஊட்டி மருமக
அக்கா, மாவு பொங்க 30 டிகிரி கிட்ட சூடு வேணும், நம்ம ஊர் ராத்திரிக்கு அது எங்க? உளுந்தோட கொஞ்சம் வெந்தயம் ஊற வைங்க. வெதுவெதுப்பான தண்ணி விட்டு ஆட்டி, பெரிய ஹாட் பாக்ஸ்ல பாதி அளவுக்கு ஊத்தி கம்பளி சுத்திடுங்க. ஒரு ராத்திரி பத்தாது. ஞாயித்துக்கிழமை காலைல ஆட்டினா திங்கக்கிழமைக்கு இட்லி. பருப்புக்கு குக்கரை விட்டா வழியில்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும், திறந்த சட்டியில வெச்சா கேஸ்தான் தீரும். விறகடுப்புக் கதை சொல்றவங்களுக்கு சிலிண்டர் விலை தெரியாது.

பதில்: கோத்தகிரி அப்பா
அண்ணன் பக்கமும் நியாயம் இருக்குங்க. நூடுல்ஸ் பெரும்பாலும் எண்ணெயில பொரிச்சது, மசாலாப் பொட்டலத்துல உப்பு ஜாஸ்தி. உறைக்குப் பின்னாடி சோடியம் எவ்வளவுன்னு பாருங்க. பெரியவங்களுக்கே நாளைக்கு 2 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, யுகேஜி பையனுக்கு இன்னும் கம்மி. நூடுல்ஸை எப்பவாவது வெச்சுக்கோங்க, பாதிப் பொட்டலம் மசாலா போதும். சப்பாத்தியை நூடுல்ஸ் கணக்குல சேர்க்காதீங்க. பக்கத்துல கேரட்டும் பீன்ஸும் பொரியல் வெச்சா எங்க வீட்ல அதுவும் வீட்டுச் சாப்பாடுதான். காய் நறுக்கறது ராத்திரியே நான் முடிச்சிடுவேன். களிக்குக் கைபலம் வேணும், ஹேர்பின் வளைவுல ஸ்டியரிங் திருப்பற அண்ணனுக்கு அது ஒரு வேலையா?

குன்னூர் அம்மா:
இதை அப்படியே அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். களி கிண்டறேன்னு ஒத்துக்கிட்டார். நூடுல்ஸை நானும் குறைச்சுக்கறேன், சப்பாத்தியை விட மாட்டேன். களிச் சட்டியை யார் தேய்க்கிறதுன்னுதான் இப்போ பேச்சு ஓடிட்டிருக்கு.