மிருதங்கம், குரல் ரெக்கார்டிங்: 10,000 ரூபாய்க்குள் எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்ய ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்க வேண்டும். பட்ஜெட் 10,000 ரூபாய், கொஞ்சம் மேலே போனாலும் சமாளிக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள்.

நான் பாடுவேன், தம்பி மிருதங்கம். வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒரு மைக் வைத்தால்தான் அந்த நாதம் முழுதாக வரும். அதனால் ஒரே மைக் உள்ளீடு கொண்ட ஸ்கார்லெட் சோலோ எங்களுக்குச் சரிப்படாது. குரலை அப்புறம் தனியாகப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு என் கண் பெரிங்கர் யு.எம்.சி.202 எச்டி மேல்தான். இரண்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி), கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவர், 24 பிட். 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் எல்லாம் விளம்பரத்துக்கு அழகு, எனக்கு 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

மதர்போர்டிலேயே இருக்கும் சவுண்ட் கார்டில் பாடினால் என் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது, தாளமே நழுவுகிறது. 202-இன் ஏசியோ டிரைவரில் (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) பஃபரை, அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 128 சாம்பிளுக்குக் குறைத்தால் வெடிப்புச் சத்தம் வருமா?

இன்னொன்று, மைக். சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வைத்தால் ரயில் சத்தமும் சேர்ந்து பதியும். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடவும் முடியாது! ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் என்றால் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) நிறைய ஏற்ற வேண்டும். இரைச்சல் இல்லாமல் இந்த ப்ரீஆம்ப் தாங்குமா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாராவது இதை வைத்திருந்தால் சொல்லுங்கள், மிருதங்கத்தோடு வந்து ஒருமுறை கேட்டுப் பார்க்கிறோம்.