பெண்ணியக் கல்வியாளர் சங்கத் தேர்தல்: கைதட்டலை விட்டு வாக்குச்சீட்டுக்கு மாறுவது எப்படி?

கருப்பூர்_கிளை கேட்டது:

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் பெண்ணிய ஆய்வில் இருப்பவர்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்திருக்கிறோம். வாக்குரிமை உள்ளவர்கள் ஏறத்தாழ 120 பேர்: நிரந்தரப் பேராசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், ஓய்வு பெற்றவர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களோடு ஐந்து செயற்குழு உறுப்பினர்கள். இதுவரை மூத்தவர்கள் பெயர் சொல்வார்கள், மற்றவர்கள் கைதட்டுவோம், மினிட்ஸில் ‘ஒருமனதாக’ என்று எழுதுவோம். இந்த முறை இரண்டு அணி நிற்கிறது. செப்டம்பர் 30-ல் மூன்றாண்டு முடிகிறது.

மே மாதம் ஏற்காட்டில் இரண்டு நாள் கருத்தரங்கு இருக்கிறது. இந்தியப் பெண்ணிய ஆய்வுச் சங்கம் (ஐஏடபிள்யூஎஸ்) தன் தேசிய மாநாட்டோடு பொதுக்குழுவையும் வைப்பதுபோல நாங்களும் தேர்தலை அங்கேயே முடித்துவிடலாமா? கூகுள் ஃபார்மில் வாக்கெடுக்கலாமா? ஆய்வாளர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் தனி இடம் வேண்டும் என்கிறார்கள், அதை எப்படிச் சேர்ப்பது?

பழைய_பஸ்_ஸ்டாண்டு:

ஏற்காட்டில் கருத்தரங்கு மட்டும் நடத்துங்கள், தேர்தல் வேண்டாம். மே மாதத்தில் கணக்குத் தணிக்கை முடிந்திருக்காது, கணக்கை வைக்காமல் பொதுக்குழு கூடிப் பயனில்லை. கோடை விழா நேரத்தில் ஏறுவதற்கு அடிவாரச் சாலை, இறங்குவதற்குக் குப்பனூர் சாலை என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்ந்தால் ஓசூர்க்காரர் கூட்டம் தொடங்குவதற்குள் வந்து சேரமாட்டார், கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) இடிக்கும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பதினோரு மாதத் தொகுப்பூதியம்தான், மே மாதம் சம்பளம் இல்லை. அந்த மாதத்தில் சீசன் வாடகை கொடுத்து மலையில் தங்கி வாக்குப் போடு என்றால் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி செயற்குழுவின் பதவிக்காலம் நியமன நாளிலிருந்து மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. மறுபடி நிற்கச் சட்டத்தில் தடையில்லை. எனவே செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, சேலம் நகருக்குள், காலை பத்தரையிலிருந்து இரண்டு வரை வாக்குப்பதிவு என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஜூலை முதல் வாரம் தேர்தல் அலுவலர் நியமனம். வாக்குரிமை இல்லாத ஒருவராக இருக்கட்டும்; ஓய்வு பெற்ற நூலகரோ வழக்கறிஞரோ பொருத்தம். ஜூலை நடுவில் வரைவு வாக்காளர் பட்டியல், ஆட்சேபத்துக்குப் பத்து நாள். ஆகஸ்ட் முதல் வாரம் இறுதிப் பட்டியல். அதன்பிறகு வேட்புமனுவுக்குப் பத்து நாள், பரிசீலனை ஒரு நாள், வாபஸ் பெற மூன்று நாள். மிச்சம் பிரச்சாரத்துக்கு.

சண்டை பெரும்பாலும் பட்டியலில்தான் பிறக்கும். சந்தா கட்டக் கடைசி நாள், தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய தேதியாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் ஒரே ஜிபே கணக்கிலிருந்து இருபது பேருக்குச் சந்தா வந்து விழும். பட்டியலில் உறுப்பினர் எண், பணம் கட்டிய தேதி, ரசீது எண் அல்லது யூடிஆர் (வங்கிப் பரிமாற்ற) எண் மூன்றும் வேண்டும். பெண்கள் சங்கங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: அப்பா இனிஷியலில் ஒருமுறை, கணவர் இனிஷியலில் ஒருமுறை என்று ஒரே ஆள் இரண்டு எண்ணில் பதிவாகியிருப்பார். பெயரை வைத்துச் சரிபார்த்தால் இது தப்பிவிடும், பிறந்த தேதியை வைத்துப் பாருங்கள்.

வாக்குச்சீட்டு_வாசகி:

கூகுள் ஃபார்ம் வேண்டவே வேண்டாம். மின்னஞ்சலைச் சேகரித்தால் ரகசியம் போயிற்று, சேகரிக்காவிட்டால் போட்டவர் உறுப்பினர்தானா என்று தெரியாது. ஒருவருக்கு ஒரே பதில் என்று வைத்தாலும் அது கூகுள் கணக்குக்கு ஒன்றுதான், இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இரண்டு முறை போடலாம். ஃபார்மை உருவாக்கியவர் பதில்கள் வரவர யார் முன்னால் என்றும் பார்த்துக்கொண்டே இருப்பார். இணையம்தான் வேண்டுமென்றால் ஹீலியோஸ் போன்ற, வாக்கை மறையாக்கம் செய்யும் மென்பொருள் இருக்கிறது. வாக்காளருக்குத் தனித்தனி அடையாளமும் கடவுச்சொல்லும் மின்னஞ்சலில் போகும். அது ஸ்பாமில் விழுந்துவிட்டால் ‘எனக்கு வரவேயில்லை’ என்று புகார் வரும், அதற்குத் தயாராக இருங்கள். அதோடு, உங்கள் பைலா (சங்கத்தின் சொந்த விதிகள்) இணைய வாக்கைச் சொல்லாவிட்டால் தோற்ற அணி அந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளும். 120 பேருக்குக் காகிதமே போதும்.

காகிதத்திலும் ரகசியம் தானாக வந்துவிடாது. உங்கள் சங்கத்தில் கைடும் ஸ்காலரும் ஒரே அறையில் வாக்குப் போடுகிறார்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் முன்னால் கை தூக்கச் சொல்லிவிட்டு அதை ஒருமனது என்று எழுதுவது பெண்ணியத்துக்குப் பொருந்தாது. சீட்டின் அடிக்கட்டையில் மட்டும் வரிசை எண்ணும் வாக்காளர் கையெழுத்தும் இருக்கட்டும். கிழித்துக் கொடுக்கும் பகுதியில் எந்த எண்ணும் வேண்டாம், தேர்தல் அலுவலரின் முத்திரை போதும். மறைப்புக்குள் ஒரே நிறப் பேனா, கட்டிவைத்தது. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பெட்டி. எண்ணுவதற்கு முன் கொட்டிக் கலக்குங்கள். சீட்டில் பெயர்கள் அகர வரிசையில், ‘முனைவர்’, ‘துறைத்தலைவர்’ போன்ற ஒட்டுகள் இல்லாமல். பதவியை அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சாரம் சீட்டிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது எண்ணும் முறை. ஐந்து இடத்துக்கு ஆளுக்கு ஐந்து வாக்கு என்று வைத்தால் பெரும்பான்மை அணி எல்லாவற்றையும் அள்ளும். 90 பேர் வாக்களிக்கிறார்கள், ஓர் அணிக்கு 50, மற்றதற்கு 40 என்று வையுங்கள்: 5–0. ஒற்றை மாற்று வாக்கு முறையில் (வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படுத்துவார்கள்; தேவைக்கு மேல் வாங்கியவரின் உபரியும் விலக்கப்பட்டவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்குப் போகும்) 90-ஐ, இடங்களை விட ஒன்று கூடுதலான 6-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் தேவை 16 வாக்கு. 50 பேருக்கு மூன்று இடம், 40 பேருக்கு இரண்டு. மாநிலங்களவைத் தேர்தலிலும் இதே முறைதான். ஆனால் 2003 திருத்தத்துக்குப் பிறகு அங்கே கட்சிக்காரர்கள் வாக்கைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும், அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கோட்டை_மைதானம்:

மாற்று வாக்கை எண்ணப் பழகிய ஆள் இல்லையென்றால் உபரி வாக்கை மாற்றும் கட்டத்தில் எல்லோரும் குழம்புவார்கள். இன்னொன்று, ஒன்பது வேட்பாளரையும் வரிசைப்படுத்தச் சொன்னால் கடைசி நான்கைந்து இடங்களின் வரிசையையே அடையாளமாக வைத்து ‘நீ இப்படித்தான் போட வேண்டும்’ என்று ஒருவரால் கட்டாயப்படுத்த முடியும். எண்ணும்போது அவருடைய முகவர் அந்த வரிசையைத் தேடுவார்.

எளிய வழி: ஐந்து இடம், ஆளுக்கு மூன்று டிக் மட்டும். அதே கணக்கைப் போடுங்கள். 50 பேர் அணி மூவரை நிறுத்தினால் மூவருக்கும் 50. 40 பேர் அணியின் மூவருக்கு 40. முதல் ஐந்தில் 3–2 வரும். (அந்த அணியில் மூவரும் 40-ல் சமமாக நின்றால் குலுக்கல் சீட்டு. இதையும் முன்பே விதியில் எழுதிவிடுங்கள்.) பெரும்பான்மை அணி ஆசைப்பட்டு நால்வரை நிறுத்தினால் 150 வாக்கு பிரிந்து ஆளுக்கு 37, 38 தான் தேறும், 40 வாங்கிய மூவரும் முந்திக்கொள்வார்கள். மூன்றுக்கு மேல் டிக் போட்ட சீட்டு செல்லாது, குறைவாகப் போட்டது செல்லும். இந்த வரியைச் சீட்டின் மேலேயே தமிழில் பெரிதாக அச்சடியுங்கள்.

சங்ககிரி_சாலை:

தனி இடங்கள் பற்றி. இது பைலா திருத்தம். சிறப்புத் தீர்மானம் வேண்டும்: நோக்கத்தைக் குறிப்பிட்டு 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. 40 பேர் வாக்களித்தால் 30. நிறைவேறியதை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்த பிறகே அமலுக்கு வரும். செப்டம்பர் தேர்தலுக்கு இது வேண்டுமென்றால் ஜூன் மாதத்துக்குள் ஒரு சிறப்புப் பொதுக்குழு, சேலத்தில். மூன்று டிக் முறைக்கும் பைலா இடம் கொடுக்காவிட்டால் அதையும் அதே கூட்டத்தில் சேர்த்து முடியுங்கள். சேலத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பதிவு மாவட்டம் உண்டு. உங்கள் பதிவுச் சான்றிதழில் எது இருக்கிறதோ அங்கே போங்கள், அலுவலகம் மாறிப் போனால் ஒரு வாரம் வீண்.

ஆய்வாளர் பிரதிநிதியை எல்லோரும் தேர்ந்தெடுத்தால் கைடுகளுக்குப் பிடித்தவரே வருவார். ஆய்வாளர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தால், பதினைந்து பேர் போட்ட வாக்கில் யார் யாருக்குப் போட்டார் என்று ஊகித்துவிடலாம். முதல் கெடுதலைவிட இரண்டாவது சின்னது என்பது என் கட்சி. வேட்புமனுவில் முன்மொழிபவர் வேட்பாளரின் கைடாகவோ துறைத்தலைவராகவோ இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கருப்பூர்_கிளை:

தெளிவாகிவிட்டது, நன்றி. வர முடியாதவர்கள் வேறொருவரிடம் எழுதிக் கொடுத்து வாக்குப் போடலாமா? ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சிலர் கேட்கிறார்கள்.

வாக்குச்சீட்டு_வாசகி:

பதிலாள் வாக்கைப் பைலா அனுமதித்திருந்தால்தான் ஆகும். அனுமதித்திருந்தால் அந்த விதியை முதலில் நீக்குங்கள். ஒரு துறைத்தலைவர் பத்துக் கையெழுத்தோடு வந்து நின்றால் மறைப்பும் பெட்டியும் எதற்கு? அதற்குப் பதில் அஞ்சல் வாக்கைப் பைலாவில் சேருங்கள். உள்ளுறை வெறுமையாக, ஒட்டியபடி. வெளியுறையில் உறுப்பினர் எண்ணும் கையெழுத்தும். எண்ணும் நாளில் வெளியுறையைப் பட்டியலோடு சரிபார்த்து, உள்ளுறையைத் தனியே எடுத்து, எல்லா உள்ளுறைகளையும் கலக்கிய பிறகு பிரியுங்கள். சீட்டும் மற்றச் சீட்டைப் போலவே இருக்க வேண்டும். தாள் நிறம் மாறினால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

பழைய_பஸ்_ஸ்டாண்டு:

முடிவு வந்த அன்றே மினிட்ஸ் புத்தகத்தில் வேட்பாளர் வாரியாக வாக்கு எண்ணிக்கை, செல்லாதவை, மொத்தம் எல்லாம் எழுதித் தேர்தல் அலுவலரும் இரு அணி முகவர்களும் கையெழுத்திடட்டும். செயற்குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐத் தாமதிக்காமல் பதிவாளரிடம் கொடுங்கள். இரு அணியும் ஆளுக்கொரு படிவம் 7 கொடுத்தால் யார் வென்றார் என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் சீட்டுகளையும் அடிக்கட்டைகளையும் தனித்தனி உறையில் அரக்கு வைத்து அலுவலரிடமே விடுங்கள். வங்கி மேலாளர் கேட்பது தீர்மான நகல், படிவம் 7-ன் சான்றிட்ட நகல், புதியவர்களின் பான், ஆதார், புகைப்படம். அது முடியும்வரை பழைய பொருளாளர் கையெழுத்தில்தான் காசோலை போகும்; அதனால் கருத்தரங்குக்கான பெரிய பில்களை முன்பே கட்டிவிடுங்கள். வருமான வரித் தளத்தில் முதன்மை அலுவலர் பெயர், சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழு அட்மின் மூன்றும் கைமாறியதா என்று ஒரு ஒப்படைப்புத் தாளில் எழுதி வாங்குங்கள். பிரச்சார நாட்களில் அந்தக் குழுவின் அட்மின் வேட்பாளர்களில் ஒருவராக இருக்கக் கூடாது, அதை ஆகஸ்டிலேயே தேர்தல் அலுவலரிடம் மாற்றிவிடுங்கள்.