புதுப்பிப்பு: கேம் போட்டால் திரை கறுக்கும் பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் எழுதியிருந்தேன்: கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிடும், கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் மட்டும் முழு வேகத்தில் இரையும். டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, அழித்துப் புதிதாகப் போடச் சொன்னவர்கள்தான் அதிகம். போட்டேன், பலனில்லை. சூடும் 70 பாகையைத் தாண்டவில்லை.

கோளாறு, பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரில். என் கார்டில் இரண்டு 8 பின் சொக்கெட். ஒவ்வொன்றும் 150 வாட் வரை தரலாம், மதர்போர்ட் ஸ்லாட் 75 வாட். கணினியைப் பொருத்தித் தந்தவர்கள் இரண்டுக்கும் ஒரே வயரை இழுத்து, அதன் கிளையை மற்றதில் செருகியிருந்தார்கள்; இரண்டின் சுமையும் ஒரே வயரில். பம்பலப்பிட்டியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணா ஒருவர் கழற்றிவிட்டு, "தம்பி, இதைப் பாருங்கோ" என்றார். ஒரு துளையின் ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகியிருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு வேறு. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அறை, யன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். உப்புக் காற்று சும்மா விடுமா? களிம்பு பிடித்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு, லோட் ஏறும்போது கார்டுக்குப் போகும் 12 வோல்ட் சரியும். அப்புறம் திரை கறுக்காமல் என்ன செய்யும்?

கார்டின் பின்களைத் துடைத்து, அதே பவர் சப்ளைக்குரிய இரண்டு தனி வயர்கள் போட்டாயிற்று. கேம் மணிக்கணக்கில் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை: மொடுலர் வயர் (பவர் சப்ளையிலிருந்து கழற்றக்கூடியது) சரியாகப் பொருந்தினாலும் வேறு பிராண்டினுடையதைச் செருகாதீர்கள். பவர் சப்ளைப் பக்கப் பின் ஒழுங்கு மாறினால் கார்டே போய்விடும்.

பவர் சப்ளையையே மாற்றச் சொன்ன நண்பருக்கு: 750 வாட் தாராளம், மாற்றவில்லை.