தாத்தாவோட காசு கலெக்‌ஷன், வித்துடலாமா முழுசாக்கலாமா?

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். தாத்தா ஹார்பர்ல வேலை பார்த்தவரு, போன வருசம் தவறிட்டாரு, சிங்கப்பூர் தோ பாயோ வீட்டை காலி பண்றப்போ ஒரு மைலோ டின்னும் ஒரு ஆல்பமும் என் கைக்கு வந்துச்சு. ஆல்பத்துல 1967ல இருந்து 1985 வரைக்கும் வந்த சிங்கப்பூர் மீன் சீரிஸ், அதான் 10 காசுல கடல் குதிரை, 50 காசுல லயன்ஃபிஷ் இருக்குமே அது, வருசவாரியா அடுக்கி வெச்சிருக்காரு, பதினோரு இடம் மட்டும் காலி. டின்னுல ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ், அதான் பிரிட்டிஷ்காரன் காலத்து சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா, அதோட ஒரு டாலர் வெள்ளிக்காசு நாலு. மூணு 1907க்கு அப்புறம் வந்த சின்ன சைஸ், ஒண்ணு மட்டும் 1903, சமையல் தராசுல 27 கிராம் கிட்ட காட்டுது, இருக்க வேண்டிய எடையும் அதான், அதனால ஒரிஜினல்னுதான் நெனைக்கிறேன், ஆனா போலியும் நிறைய சுத்துதாம்.

இதுல கொடுமை என்னன்னா, தீபாவளிக்கு குத்துவிளக்கு தேய்க்கிறப்போ அம்மா அந்த நாலையும் சேர்த்து புளி போட்டு பளபளன்னு தேய்ச்சுட்டாங்க! சிட்டி ஹால் பக்கம் ஒரு கடையில காட்டினேன், பார்த்ததுமே தேய்ச்ச காசுன்னு உதட்டை பிதுக்கிட்டு வெறும் வெள்ளி எடைக்குதான் எடுப்பேன்னுட்டாரு.

தம்பி வித்து பங்கு போடலாங்கிறான். எனக்கு அந்த பதினோரு ஓட்டையையும் அடைச்சுடணும்னு ஆசை, மீன் சீரிஸ் வித்தாலும் பெருசா தேறாதுன்னு தோணுது. தேய்ச்ச காசுக்கு நிஜமாவே மதிப்பு அவ்ளோதானா? 1903ஐ கிரேடிங்குக்கு, அதான் ஒரிஜினலா, எந்த நிலைமைல இருக்குன்னு பார்த்து சான்று தர்ற கம்பெனிக்கு, அனுப்புறது செலவுக்கு தகுமா? ஆல்பத்துல காலி இடத்துக்கு காரோசெல் ஆப்ல (பழைய சாமான் வாங்கி விக்கிற இடம்) வாங்கலாமா, இல்ல உங்ககிட்ட ஒரே காசு டபுளா இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம்.