சென்னையிலிருந்து போக ஆறரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரமா? (அவசரம்)

நெய்தல்:
அப்பா நாளை இரவு சென்னையிலிருந்து முதன்முறையாகத் தனியாக விமானம் ஏறுகிறார். புறப்பாடு இரவு 11.15, வந்து சேர்வது காலை 5.50 என்று பயணச்சீட்டில் இருக்கிறது. திரும்பும் சீட்டிலோ இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு 9.35க்கே சென்னை. தூரம் காட்டும் தளம் 3 மணி 40 நிமிடம் என்கிறது. அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால் சரியான நேரம் தெரிய வேண்டும்.

கடலோடி:
எந்த ஊருக்கு என்று எழுதவில்லையே. நேரடி விமானமா, இடையில் மாற வேண்டுமா?

வெண்புறா:
ஊர் எதுவானாலும் காரணம் ஒன்றுதான். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே போகும் விமானம் விலகி ஓடும் தரையைத் துரத்த வேண்டியிருக்கிறது.

நெய்தல்:
சிங்கப்பூர், சாங்கி. நேரடி விமானம்தான்.

தீர்க்கரேகை:
இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் விடை எழுதுவது? பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம்; சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 6.35இல் 2.30 கழித்தாலும், 1.35உடன் 2.30 கூட்டினாலும் 4 மணி 5 நிமிடமே வரும். தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ. தளம் காட்டுவது பறக்கும் நேரம் மட்டுமே. சீட்டில் உள்ளதோ விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல், ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் சேர்த்து, அங்கே போய் நிற்பது வரையிலான நேரம். வெண்புறா அவர்கள் எட்டாம் வகுப்புப் புவியியலைப் புரட்டிப் பார்க்கலாம்: காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

வெண்புறா:
சுழற்சியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் காற்றை விட்டுவிடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து வலுவான காற்று வீசும்; சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று.

கடலோடி:
இரண்டரை மணி நேர வேறுபாடே அரசு வகுத்ததுதான். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கில் இருப்பதால், சூரியனை வைத்துப் பார்த்தால் நம்மோடு ஒன்றரை மணி நேர வேறுபாடுதான் வரும். 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளும்வரை வேறுபாடு இரண்டு மணி நேரமாகவே இருந்தது.

தீர்க்கரேகை:
விமானம் சூரியனைப் பார்த்து வந்திறங்குவதில்லை. கேட்டவருக்கு இது எதற்கு?

கடலோடி:
கடிகாரம் ஏன் அப்படிக் காட்டுகிறது என்று தெரிந்தால் அடுத்த முறை அவரே கணக்கிட்டுக்கொள்வார்.

குறிஞ்சி:
இன்சுலின் எந்த வகை, எத்தனை வேளை என்று நீங்கள் சொல்லவில்லை. முந்தைய ஊசியிலிருந்து எத்தனை மணி நேரம் கடந்தது என்பதே முக்கியம் என்பதால், இன்றே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மருந்தைக் கைப்பையிலேயே, மருந்துச் சீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிடக்கூடும். என் அம்மாவுக்கு மருந்துக் குப்பியை ஒரு கைக்குட்டையில் சுற்றி, சோப்பு டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

நெய்தல்:
அப்பா நலமாக வந்து சேர்ந்தார். விமானம் நின்றபோது அவருடைய கைக்கடிகாரத்தில் மணி 3.20. மருத்துவர் சொன்னபடி அன்று முழுவதும் அதை மாற்றாமல், அதைப் பார்த்தே ஊசி போட்டுக்கொண்டார். அனைவருக்கும் நன்றி.