மருந்துக் கடையில் "அந்த மாத்திரை" கேட்டபோது: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. பையனுக்கு அப்போது 14 மாதம், சிசேரியன். இன்னொரு பிரசவத்தை நினைக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. ஞாயிறு காலையே கோவையில் எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குப் போய் அவசர கருத்தடை மாத்திரை கேட்டேன். "அதெல்லாம் வைக்கிறதில்லைங்க." அடுத்த கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். மூன்றாவது கடைப் பெரியவர் குரலைத் தாழ்த்தி, "அதத் தடை பண்ணிட்டாங்க கண்ணு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

தடை எதுவும் கிடையாது. நான் கேட்ட இந்த மாத்திரையை (மருந்தின் பெயர் லெவோநார்ஜெஸ்ட்ரல்) மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. இது கருவைக் கலைக்கும் மாத்திரையும் இல்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இது ஒன்றும் செய்யாது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எனக்கோ ஞாயிறு முழுக்க அலைச்சலிலேயே போனது.

திங்கட்கிழமை சீட்டு எழுதி வாங்கினேன். சீட்டைக் காட்டியும் எந்தக் கடையிலும் சரக்கு இல்லை. ஐந்து நாளுக்குள் கருப்பையில் காப்பர் டி போட்டால் மாத்திரையைவிட உறுதியான பலன் உண்டு என்பதை அந்த மருத்துவர் சொல்லவே இல்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் பெங்களூரில் இருக்கும் தோழி அங்கே ஒரு கடையில் கேட்ட உடனே வாங்கி, ராத்திரி பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு காந்திபுரத்தில் வைத்து விழுங்கினேன். 55 மணி நேரம் ஆகியிருந்தது. அப்புறம் மாதவிலக்கு வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதில் 1

மதுரைப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கோபம் நியாயம், சகோதரி. ஆனால் மொத்த வியாபாரி எங்களுக்கு இந்தச் சரக்கை அனுப்புவதே இல்லை. பல வருடங்களுக்கு முன் இந்த மாத்திரை விளம்பரங்களுக்கு எதிர்ப்பு வந்தது. அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. 'வைத்தால் ஆய்வாளர் கேட்பார்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். எழுத்தில் ஓர் ஆணையை நான் பார்த்ததில்லை. எழுதாத உத்தரவை எப்படி எதிர்ப்பது? 'இதை விற்கலாம், இருப்பு வையுங்கள்' என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும், மறுநாளே வாங்கி வைக்கிறேன்.

பதில் 2

அரசு மருத்துவமனையில் செவிலியர். மேலே எழுதிய அக்காவுக்காவது பெங்களூரில் தோழி இருந்தார். எங்களிடம் வரும் பெண்களில் பலருக்கு அடுத்த ஊர்க் கடைக்குப் போகவே பஸ் காசு இருக்காது. தேசியக் குடும்பநலத் திட்டத்தில் இதே மாத்திரை 'ஈஸி பில்' என்ற பெயரில் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருபவர்களுக்கு அவசர கருத்தடை தர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலும் சொல்கிறது. எல்லாம் தாளில் சரியாகத்தான் இருக்கிறது. ஒருநாள் நடுராத்திரி ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தார். மருந்து அலமாரியின் சாவி யாரிடம் என்று தேடவே ஒரு மணி நேரம் போனது. அந்த அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றே இருந்தார். இப்போது ஒரு மாத்திரை அட்டையைப் பணி மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறோம்.