எம்டி-15 வைத்திருக்கிறேன், ஆர்15க்கு மாறலாமா?

மூன்று வருடமாக யமஹா எம்டி-15 பைக் ஓட்டுகிறேன். வண்டியில் குறையில்லை, நெடுஞ்சாலையில்தான் சிக்கல். 90-ஐத் தாண்டினால் காற்று நெஞ்சில் அறைகிறது. ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன.

வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் சின்ன வைசர் மாட்டிப் பார்த்தேன். காற்று நெஞ்சை விட்டு ஹெல்மெட்டுக்கு ஏறி, தலை அதிர ஆரம்பித்தது. டேங்கோடு குனிந்து ஓட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

யமஹாவின் இன்னொரு பைக்கான ஆர்15-இலும் அதே 155 சிசி எஞ்சின்தான். வேகத்துக்காக இல்லை, காற்றை மறைக்கும் முழு ஃபேரிங்குக்காகத்தான் (வண்டியின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் உறை) யோசிக்கிறேன். நண்பரின் வண்டியை 20 நிமிடம் ஓட்டினேன். காற்று அடங்கியது, ஆனால் ஹேண்டில்பார் தாழ்வு. ஒவ்வொரு சிக்னலிலும் உடல் எடை மொத்தமும் மணிக்கட்டில் இறங்கியது.

என் உயரம் 5 அடி 9 அங்குலம். தினமும் நெரிசலில் 30 கி.மீ., அப்புறம் மாதம் இருமுறை 300 கி.மீ. பயணம்.

இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: தினசரி நெரிசலில் அந்த மணிக்கட்டு வலி நாளடைவில் பழகிவிட்டதா, இல்லை அப்படியே தங்கிவிட்டதா?